கடைசி பெஞ்சில் அப்பா

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து நேரத்தில் கோயிலின் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள்: நான், என் தம்பி, வாயில் விரலோடு தூங்கிக்கொண்டிருந்த அத்தை மகள், பெரியப்பாவின் இரட்டைப் பையன்கள், அப்புறம் எங்கள் அப்பா. மற்ற எல்லோரும் வரிசையாகப் பீடத்துக்குப் போயிருந்தார்கள். திடப்படுத்தல் சடங்கு ஆகாத பிள்ளைகளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது என்பதால், எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்திவிட்டுப் போவது சமயநல்லூரில் எங்கள் சபையின் வழக்கம். அப்பா அங்கே உட்கார்ந்ததுதான் புதிது.

காரணம் ஒரு பூசணிக்காய். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் காய்கறி, கோழியெல்லாம் ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டுப் பின்னால் காய்த்த பூசணியைப் படைத்த அப்பாவே அதை ஏலத்திலும் கேட்டார். பெரியப்பா விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போனார். கர்த்தருக்குப் போகிற காசு என்பது இரண்டு பேருக்கும் மறந்துபோன ஒரு கட்டத்தில் பெரியப்பா, "லோடு ஆட்டோவுக்கு டியூ கட்ட வக்கில்ல, தொரைக்குப் பூசணிக்கா கேக்குது" என்றார். அண்ணன் என்றும் பார்க்காமல், சபை முன்னால் அப்பா அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

போதகரும் கமிட்டியும் கூடிப் பேசினார்கள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆறு மாதம் திருவிருந்தில் சேரக்கூடாது என்று முடிவானது. மன்னிப்பை அப்பா அன்றைக்கே கேட்டுவிட்டார். ஆறு மாதம்தான் பாக்கி.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை. இப்போதும் கேஸை அணைத்தோமா என்று பஸ்ஸில் பாதி வழியில் வேர்த்துப்போகிறவள்தான். இந்த ஆறு மாதத்துக்குள் இயேசுவின் இரண்டாம் வருகை வந்துவிட்டால், மற்றவர்களைப் பரலோகத்துக்குக் கூட்டிக்கொண்டு அப்பாவை விட்டுவிட்டுப் போய்விடுவாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். நானும்தானே அப்பம் வாங்காதவள். அம்மாவும் மற்றவர்களும் போகட்டும், அப்பாவும் நானும் இங்கேயே இருந்துகொள்ளலாம்.

போகப்போக அந்தப் பெஞ்சு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மற்ற நாட்களில் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அப்பா காய்கறி ஏற்ற ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பும்போது நாங்கள் தூங்கியிருப்போம். கோயிலிலும் அவர் ஆண்கள் பக்கம், நான் அம்மாவோடு. திருவிருந்து ஞாயிறு வந்தால் மட்டும், மற்றவர்கள் முன்னால் முழங்காலிட்டு எழுந்து வரும்வரை அப்பா முழுசாக எனக்கு. சலவைச் சோப்பையும் மீறிச் சட்டையில் லேசாக டீசல் வாசம் வரும். நான் தோளில் சாய்ந்தால், என் விரல்களை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வார்.

கோரிப்பாளையத்திலிருந்து வந்த மாமா, இந்த ஊரில் வேறு சபையா இல்லை என்று அம்மாவிடம் கோபப்பட்டார். அப்பாவிடம் தணிந்த குரலில், "மாப்ள, எங்க சபைக்கு வந்துருங்க. அங்க யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக" என்றார்.

அப்பா சிரித்தார். "சிட்சைக்குத் தப்பிச்சு கோரிப்பாளையத்துக்கு வந்தா, அங்க இருக்கவரு வேற ஆண்டவரா மச்சான்?"

அடுத்து வந்தவர் பெரியப்பா. வாசலிலேயே நின்றார். காபி வேண்டாம் என்றார். ஆட்டோ டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"போதும்டா. போதகர் ஐயாகிட்ட நானே சொல்லிட்டேன். நாளைக்குப் பீடத்துக்கு வந்துரு. நீ அங்கன பிள்ளைகளோட ஒக்காந்திருக்கும்போது எனக்கு அப்பம் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"சொன்ன மாசம் கழியட்டும்ணே" என்றார் அப்பா. "பாதியில எந்திரிச்சுட்டா, கீழ்ப்படிஞ்சதும் பாதிதான்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூப்பிட வந்தவர்களை எல்லாம் அப்பா எனக்காகத்தான் திருப்பி அனுப்புகிறார் என்று தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

மாதங்கள் கழிந்தன. போதகர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அன்றைக்கு, அப்பா என் விரல்களை விட்டுவிட்டு எழுந்தார். நடுவழியில் பெரியப்பா காத்திருந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு எழுந்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு குலுங்குவது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது. யாரோ திட்டிவிட்டார்கள் என்று பயந்து நானும் அழுதேன். பெரியப்பா பையன்கள் இருவரும் நகர்ந்து வர, இது எங்கப்பா இடம் என்று பெஞ்சில் கையை விரித்து வைத்துக்கொண்டேன்.

அப்பா வரவில்லை. ஆண்கள் பக்கம் போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். முகம் துடைத்து விட்டதுபோலத் தெளிந்திருந்தது. அப்படி ஒரு முகத்தோடு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

நகம் அளவு அப்பத்துக்காகவா என்னை விட்டுவிட்டுப் போனார் என்று அன்றைக்கெல்லாம் நான் அவரிடம் பேசவில்லை. அந்த ஆறு மாதமும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பசியோடு உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.