பிரிட்ஜுக்குள் வைத்த இரண்டு குழாய்கள்

போன வருடக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை. சிட்னி, பிளாக்டவுனில் இரத்தம் எடுக்கும் நிலையமொன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். பக்கத்து ஊரான கிரவீனிலிருந்து யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வந்தார். சிகரெட்டைக் கையாலும் தொட்டறியாதவர், நுரையீரலில் புற்றுநோய். கட்டியில் சதை எடுத்துப் பார்ப்பது ஆபத்தாம். அதனால் கட்டி இரத்தத்தில் கசியவிடும் மரபணுத் துணுக்குகளைத் தேடப் போகிறார்கள். குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால் விழுங்கும் குளிசை போதும், இல்லாவிட்டால் கீமோ.

விரதமென்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். நரம்பு கண்ணாமூச்சி காட்டியது. மூன்றாவது குத்தில்தான் இரண்டு சோதனைக் குழாய்களும் நிறைந்தன.

அவர் போனதும், கைப்பழக்கத்தில் குழாய்களை பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன். அவை வந்த பெட்டியை எடுத்தபோதுதான் மூடியிலிருந்த எழுத்து கண்ணில் பட்டது: குளிரூட்டக் கூடாது. ஓடிப்போய் எடுத்தேன், முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. குளிரில் இரத்த அணுக்கள் உடைந்தால், அந்தக் கொஞ்சத் துணுக்குகள் அணுக்களிலிருந்து வெளியேறும் மரபணுவோடு கலந்து அகப்படாமல் போகலாம். மாற்றம் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம்.

ஆய்வுகூட வாகனம் வர இன்னும் அரை மணித்தியாலம். குழாய்களில் பூத்திருந்த ஈரத்தைத் துடைத்தேன். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வேலை வேறு நிரந்தரமாகவில்லை. உண்மையைச் சொன்னால், பெட்டிக்குள் வைத்து மூடியும் விட்டேன்.

பிறகு அன்ரியின் கையில் நான் ஒட்டிய மூன்று பஞ்சும் நினைவில் வந்து நின்றன. நிலையப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. "உடனே அவவைக் கூப்பிடு" என்றார். போன் எடுத்தேன். நல்லவேளை, அன்ரி பக்கத்து மரக்கறிக் கடையில் நின்றார்.

"அன்ரி, பெரிய பிழை விட்டிட்டன். திரும்ப எடுக்கவேணும்."

"வாறன்" என்று மட்டும் சொன்னார்.

வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம்தான், நியாயமான கோபம். "தண்ணி குடிச்சா நரம்பு தெரியுமோ?"

"ஓம் அன்ரி. ஆனா விரதமெல்லோ..."

"உயிர் இருந்தா அடுத்த வெள்ளியும் பிடிக்கலாம். தாரும்."

மூன்று கப் மடமடவென்று குடித்தார். பத்து நிமிடம் காத்திருந்தோம். நான் நரம்பை இரண்டு மூன்று தரம் தடவிப் பார்த்தேன். "பதறாம, ஆறுதலாக் குத்தும் பிள்ளை" என்றார். முதல் குத்திலேயே இரத்தம் வந்தது. வாகனம் வாசலில் நிற்க, புதுக் குழாய்களை ஓடிப்போய்க் கொடுத்தேன்.

மாற்றம் இருந்ததென்றும் குளிசை தொடங்கியாச்சென்றும் அடுத்த மாதம் அவரே வந்து சொன்னார். முதல் குழாய்களும் அதையே சொல்லியிருக்குமோ, தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டே அந்தப் பெட்டியை மூடியது என் கைதான். அதனால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கொஞ்சம் பயம் இருக்கிறது, அந்தப் பயம் போகக் கூடாதென்றே நினைக்கிறேன்.