ஷாகுல் தம்பியும் ஸஹரின் ஆறு நிமிடமும்

செய்தி வந்தபோது எங்கள் அதிராம்பட்டினம் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மாமியார், என் மகள் ஜமீலா, வாசற்படியில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். விடியுமுன் சாப்பிடும் ஸஹர் முடிவையும் நோன்பு திறப்பையும் காட்டும் ரமலான் நேர அட்டவணையை அச்செடுத்து அவரிடம் கொடுத்திருந்தேன். அதைப் பள்ளிவாசலின் பழைய பலகையோடு ஒப்பிட்டுவிட்டு அவர் திரும்பி வந்திருந்தார்.

“ஏம்மா, நோன்பு திறக்கிற நேரம் சரியா இருக்கு. ஸஹர் முடிவு மட்டும் ஆறு நிமிஷம் தள்ளிப் போகுதே? சுபுஹு வந்த பிறகும் சாப்பிடச் சொல்லுதா உங்க கம்ப்யூட்டர்?”

நன்னிலத்துக்குப் பேசி, மென்பொருளை எழுதிய ஷாகுல் தம்பியிடம் கேட்கலாம் என்று போனை எடுக்கப் போனேன். அதற்குள் அதுவே அடித்தது. அவர் மனைவி. “ராத்தா, அவங்க மவுத்தாயிட்டாங்க.” தம்பி இறந்துவிட்டார்.

இந்த மின்னஞ்சல் குழுமத்தில் பலர் அவரைப் பார்த்ததில்லை. தொழுகை நேரம் கணிக்கும் அவருடைய மென்பொருளை மட்டும் அறிவீர்கள். ஷார்ஜாவில் வேலை போய் ஊர் திரும்பியபோது, பெட்டியில் துணியைவிட சிடிகளைத்தான் அதிகம் கொண்டுவந்தார் என்று வீட்டார் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய உதிரிகளைச் சேர்த்துத் தானே ஒரு கணினி செய்து, அதில் எழுதியது அந்த மென்பொருள். மூலநிரலையும் சேர்த்தே எல்லோருக்கும் கொடுத்தார். விலை வைக்கலாமே என்றதற்கு, “சூரியனுக்கு நான் என்ன ராத்தா விலை போடுறது?” என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணினி பார்த்தவள் அல்ல. என் கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதை, அரிசிக் கணக்கும் பால் கணக்கும் எழுதத்தான் திறந்தேன். பிறகு துணிச்சல் வந்து, தம்பியின் நிரலில் இருந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினேன். முதல் நாளே அது ஓடாமல் நின்றது. தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். “ஒடச்சிட்டீங்களா? எப்படி ஒடச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க ராத்தா. அந்த வழி எனக்கே தெரியாது” என்றார்.

கணக்கு சரியா என்று ஒரு வருடம் இருவரும் சூரியன் மறைவதைப் பார்த்தோம். வானொலி நேரத்துக்குச் சரிசெய்த கடிகாரத்தோடு நான் மொட்டை மாடியில். அவர் நன்னிலத்தில் அறுப்பு முடிந்த வயலில். “என்ன மாப்ள, சூரியன் ஓடிடும்னு காவலா?” என்று வரப்பில் போகிறவர்கள் கேலி செய்வார்களாம். “ஓடுறது தெரியும்ணே. எத்தனை மணிக்குன்னுதான் பாக்குறேன்” என்பாராம்.

ஒருமுறை இரவுத் தொழுகையான இஷா நேரத்தைத் தவறாகப் போட்டுவிட்டார். அந்த அட்டவணை போன பள்ளிவாசல்களுக்கெல்லாம் பஸ் ஏறிப் போய், ஒவ்வோர் இமாமிடமும் நின்று திட்டு வாங்கினார். ஒரு கடிதம் போட்டால் போதாதா என்று கேட்டேன். “கடுதாசியப் படிக்கலேன்னா? அவங்க ‘சரி’ன்னு வாயால சொல்லணும் ராத்தா. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது.”

இனி என் பிழைக்கு வருகிறேன். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் நோன்பு கெடாமலிருக்க, பேணுதலாக நாம் மூன்று நிமிடம் விடுகிறோம். நோன்பு திறக்கையில் அதைக் கூட்ட வேண்டும்; ஸஹர் முடிவில் கழிக்க வேண்டும். தம்பி இதை இரண்டு வரிகளாக எழுதியிருந்தார். ஒரே மூன்று நிமிடத்தை எதற்கு இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார் என்று நினைத்து, நான் ஒரே வரியாக்கி, எல்லாவற்றுக்கும் கூட்டிவிட்டேன். முன்பென்றால் பார்த்திருப்பார். அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தவர், “இனிமே நீங்களே அனுப்புங்க, என்னைக் கேக்க வேணாம்” என்றார். அனுப்பிவிட்டேன். அதுதான் மூன்றாம் பதிப்பு.

அன்று போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்து பார்த்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். மோதினார் வாசலில் நின்றபடியே சொன்னார்: “அதுல அவரு பேருதானே இருக்கு? மவுத்தானவரை யாரும் கேக்கப் போறதில்ல. சத்தமில்லாம மாத்திடுங்கம்மா.” ஒரு கணம் அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும். அப்போது மாமியார், “அப்ப நான் வியாழக்கெழம புடிச்ச நோன்பு?” என்று கேட்டார். ரமலானுக்கு முன் பிடிக்கும் உபரி நோன்பு அது; என் மூன்றாம் பதிப்பு காட்டிய நேரத்தைப் பார்த்துத்தான் அவர் ஸஹர் முடித்தார். இமாமிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்குள் ஒருவர் இப்படி என்றால் வெளியில் எத்தனை பேர்? யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் தம்பி வைத்த ஒரே நிபந்தனை. அதனால் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலே இல்லை. வீட்டில் ஒரு படி உப்புக்கும் கணக்கு வைத்திருக்கும் நான், இதற்கு வைக்கவில்லை.

தம்பியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த பஸ் பயணத்தைத்தான். திருத்திய நான்காம் பதிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் முதல் வரியில் பிழை எது, செய்தது யார் என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல்களுக்கு நாளை ஜமீலாவோடு நானே போகிறேன். தொலைவில் உள்ள உங்களிடம் என்னால் வர இயலாது.

ரமலானுக்கு இன்னும் ஒன்பது நாள். உங்களிடம் மூன்றாம் பதிப்பு இருக்கிறதா, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள், மாற்றிவிட்டீர்களா? இல்லையென்றாலும் இல்லை என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.