மேலப்பாளையம் சாரக்கடையும் என் கணினிப் பழக்கங்களும்

வெப் டிசைன் என்பது கணினியோடு மல்லுக்கட்டும் தொழில் என்று நம்பித்தான் நானும் இதில் இறங்கினேன். பார்த்தால், மனிதர்களோடு மல்லுக்கட்டிவிட்டுக் கணினிமேல் பழி போடுகிற தொழிலாக இருக்கிறது.

தச்சநல்லூரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, தனியாளாக இணையதளம் செய்து கொடுக்கிறேன். என்னைப் போலவே அவதிப்படும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது. எனக்கு ஒழுங்கான பழக்கங்கள் வந்தது ஒரே ஒரு வேலையில்: மேலப்பாளையத்தில் மைதீன் பாயின் சாரக்கடைக்குச் செய்த தளம். சாரம் என்றால் லுங்கி. பாயின் மகள் மும்தாஜ் அக்காவுக்கு இணையத்தில் விற்க ஆசை. பாய்க்கோ கடையில் பாதியைச் செல்போன் கடைக்கு வாடகைக்கு விட ஆசை. நோன்புப் பெருநாள் வரைக்கும் அக்காவுக்குத் தவணை கொடுத்தார். "அதுக்குள்ள யாவாரம் நடக்கலேன்னா, நடுவுல சுவர் வச்சிர வேண்டியதுதான்."

பார்க்க ஆள் இருக்கும்போது வண்ணம் அடிக்காதீர்கள்

அப்போதெல்லாம் நகல் எடுத்து வைத்து வேலை செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது. தளத்தில் நேரடியாகவே கைவைப்பேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. மும்தாஜ் அக்காவோ, நான் தள முகவரியைக் கொடுத்த கையோடு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

நோன்பு தொடங்கும் முன் ஒரு விடுமுறை நாள் மதியம். பின்னணிக்கு மஞ்சள், ஊதா, பச்சை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையை நீக்கியதும் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து அக்காவின் தம்பி காதர். அவர் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். சோற்றைப் பரிமாறி வைத்துவிட்டு, கிரிக்கெட் மேட்ச் மாதிரி என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "எக்கா, அந்தப் பச்சையைத் திரும்பப் போடுங்க. இங்கன ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்ட போடுதானுவ, ஒருத்தனும் சோத்துல கைவைக்க மாட்டேங்கான்!"

ஒரே மாதிரி இருக்கிறது என்று அழிக்காதீர்கள்

அன்று முதல் யார் கண்ணிலும் படாத நகலில்தான் என் சோதனைகள் எல்லாம். ஆனால் ஒரு புத்தி வந்தால் அடுத்த புத்தி உடனே வந்துவிடுமா? அக்கா அனுப்பிய படங்கள் வந்து குவிந்தன. எல்லாம் கட்டம், எல்லாம் நீலம். ஒரே படம் திரும்பத் திரும்ப வந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். அத்தனையும் வேறு வேறு சாரங்கள். ஒன்றில் ஓரத்தில் வெள்ளை இழை, ஒன்றில் சாம்பல் இழை.

நல்ல வேளை, வாடிக்கையாளர் அனுப்புவதை அப்படியே தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைப்பேன். என்னிடம் இருந்த ஒரே உருப்படியான பழக்கம் அதுதான். எல்லாவற்றையும் மீட்டுக் காட்டிய பிறகும் பாய்க்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, அண்ணன் தம்பி ஒரே சாடையில இருந்தா, ஒருத்தன் போதும்னு மத்தவனை வீட்டை விட்டுப் பத்திவிட்டுருவியா?"

உங்கள் போனை நம்பாதீர்கள்

தளம் திறந்தாயிற்று. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஆர்டர் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. என் போனில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது. செல்போன் கடைக்காரர் மறுநாள் இடத்தை அளக்க வருவதாகச் சொல்லிவிட்டார். மும்தாஜ் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாய்தான் தன் போனை நீட்டி, "வாங்கணும்னா எங்கன அமுக்க?" என்று கேட்டார். மூக்குக் கண்ணாடி தேடச் சோம்பல்பட்டு எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருக்கிறார். அந்த எழுத்துகள் நெருக்கித் தள்ளியதில் 'வாங்க' என்ற பொத்தான் திரையை விட்டே வெளியேறியிருந்தது. திரை சின்னதாக உள்ள போன்களில் எப்படித் தெரிகிறது என்று கேட்க, காதரைப் போனில் கூப்பிட்டேன்; அவர் அறையில் பாதிப்பேரிடம் அப்படிப்பட்ட போன்தான். அங்கும் அதே கதை. முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "யாவாரம் இன்னும் ஆரம்பிக்கலேன்னுல்லா நாங்க காத்துக் கிடக்கோம்!"

அளக்க வந்தவர்

பொத்தானை நகலில் சரிசெய்து, பாயின் போனில் அவரையே அமுக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் தளத்தில் ஏற்றினேன். முதல் ஆர்டர் காதரின் அறையிலிருந்து வந்தது. களக்காட்டில் இருக்கும் வாப்பாவுக்கு ஒருவர், சாத்தான்குளத்தில் இருக்கும் மாமனாருக்கு ஒருவர் என்று ஆரம்பித்து, பக்கத்து அறைகளுக்கும் சேதி பரவிவிட்டது.

மறுநாள் கடையில் கால்வைக்க இடமில்லை. அக்கா சாரத்தை எடுத்துப் போட, பாய் பொட்டலம் கட்ட, நான் முகவரி ஒட்டினேன். அவர்கள் நோன்பு, எனக்கோ நோன்பு இல்லாமலேயே பசி மறந்துபோயிற்று. அவ்வளவு சந்தோஷம். அந்த நேரம் பார்த்துச் செல்போன் கடைக்காரர் அளவு டேப்போடு வாசலில் வந்து நின்றார். பாய் தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். "டேப்பை ஓரமா வையும் வே. வந்ததுதான் வந்தீரு, இந்த மூட்டையில ஒரு முனையைப் பிடியும்!"

நல்ல கணினிப் பழக்கம் என்று நான் இன்று பீற்றிக்கொள்வதெல்லாம், யாராவது ஒருவர் என்னைச் சத்தம் போட்டு முடித்த பிறகு வந்து சேர்ந்ததுதான்.