அந்த லைனில் குகை கிடையாது

ஊரில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிக்கும்போது வெளியே தெரிவது பல்செட்காரரின் கைவேலைதான். அவர் சிரித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இடிக்காமல் அரத்தால் தேய்த்து, ஆளுக்கேற்ற வாயாகச் செய்து கொடுப்பார். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறவரு தன் வாயை மட்டும் திறக்க மாட்டாரு" என்று அவருடைய மச்சினன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பஸ் மெக்கானிக்கான அவனுக்கு அக்கா புருஷனைச் சீண்டாமல் சாப்பாடு இறங்காது.

பல்செட்காரரின் மகன் போன பிறகு அந்த ஜோக்கை மச்சினனும் விட்டுவிட்டான்.

போனது என்றால் வெளியூருக்கு அல்ல. வேலை முடிந்து மாலை வண்டியில் வந்த பையன், உள்ளே கால் வைக்க இடமில்லாமல் வாசலில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பாறையை வெட்டித் தண்டவாளம் போட்ட இடத்தில், வண்டியை உரசுகிற மாதிரி ஒரு சிக்னல் கம்பம் நிற்கிறது. அதில் அடிபட்டு விழுந்தான். அடுத்த ஸ்டேஷன் அவன் வீட்டு ஸ்டேஷன். ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டியது அப்பா. அம்மாவை யாரும் எங்கேயும் அழைத்துப் போகவில்லை. "நீ தாங்க மாட்டே" என்று ஆளாளுக்கு முடிவு செய்து அவளை வீட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள். தாங்குவாளா மாட்டாளா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

சில மாதம் கழித்து, பல்செட்காரர் மகனுடைய அறையில் பலகை அடிக்க ஆரம்பித்தார். கட்டிலை எடுத்துவிட்டு, சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டு, அதன்மேல் அந்த ரயில் பாதையையே பொம்மையாகக் கட்டத் தொடங்கினார். எந்தப் பாதை என்று கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே வண்டியில் ஏறி ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்குவார். பிளாட்பாரத்தை நடந்து அளப்பார், கூரையைப் படம் பிடிப்பார். சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்த வேலையில் பெரிய தொல்லை நீளம். வண்டியும் வீடுகளும் எவ்வளவு சுருங்கினவோ அதே கணக்கில் பாதையையும் சுருக்கினால், அது அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருமுனை மருந்துக்கடைக்கும் அப்பால்தான் போய் முடியும். அதனால் ஸ்டேஷன்களை வைத்துக்கொண்டு நடுவே பல இடங்களை விட்டுவிட வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் பாதி வேலை. மற்றதெல்லாம் அவருக்குக் கைவந்த கலை. பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டரில் பாறையும் கரையும் செய்தார். பல்செட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியை வளைத்து வேலி போட்டார். ஈறுக்கு வைத்திருந்த சிவப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து ஓடுகளுக்குப் பூசினார். ஆட்களை மட்டும் செய்யவில்லை.

"ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு மாமா ரயிலு?" என்றான் மச்சினன். மாமா ஓட்டுக்குச் சாயம் பூசுவதிலேயே இருந்தார்.

மனைவி அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். உள்ளே வண்டி ஓடும் சத்தம் கேட்டால் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள். ஒரே ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"என் புள்ளையை முழுங்கின ரயிலை வீட்டுக்குள்ளயே கொண்டாந்து ஓட்டுறீங்களே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவரிடம் பதில் இருந்தது. தன் பாதையில் மாலை வண்டி ஒவ்வொரு தடவையும் வீட்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்கிறது. அவ்வளவுதான் காரணம். வெளியே சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

ஒருநாள் மதியம் அந்த வண்டி வந்து சேரவில்லை. கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு மலை செய்து, அதற்குள் குகை குடைந்து வைத்திருந்தார். வண்டி அதற்குள் போய் நின்றுவிட்டது. பொம்மைப் பாதை கட்டுகிற எவரும் குகை வைத்தால் பின்பக்கம் கைவிட ஒரு ஓட்டை வைப்பார்கள். உள்ளே வண்டி கவிழாத நாள் கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் மலையைச் சுவரோடு ஒட்டிப் பூசி அடைத்திருந்தார். அந்த இடத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்ததன் பலன் இது. குகை வாய் வழியாகக் கையை நுழைத்துப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

கூடத்தில் மெஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மனைவி வாசற்படியில் நின்றாள்.

"என்னாச்சு?"

"உள்ள மாட்டிக்கிச்சு. என் கை போகல."

அவள் தயங்கி நின்றாள். பிறகு வந்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மெலிந்த கையை உள்ளே விட்டாள். இன்ஜின் வெளியே வந்தது. அதைக் கையில் பிடித்தபடியே மேடையைச் சுற்றிப் பார்த்தாள். அவளும் துணி எடுக்க அந்த வண்டியில் வருஷக்கணக்காகப் போய்வந்தவள்தான். மில்லின் நீளச் சுவர், வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, கைப்பிடி உடைந்த படிக்கட்டு என்று எல்லாமே அப்படியே இருந்தன. கண் மலைக்கு வந்தது.

"இது என்ன?"

"குகை."

"அந்த லைன்ல ஏது குகை?"

அவர் மலையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"அங்கதானே?" என்றாள். அவர் தலையாட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து என்கிட்டேருந்து மறைச்சீங்க. இங்கயுமா மறைக்கணும்? அவன் சரியா எங்க விழுந்தான், அந்த இடம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. கண்ணை மூடினா தினம் ஒரு இடம் வருது. ஒருநாள் ஆத்தங்கரை, ஒருநாள் முள்ளுக்காடு. எனக்கு ஒரே இடமா வேணும். உள்ளபடி பண்ணிக் காட்டுங்க."

"எனக்கும் தெரியாது" என்றார் பல்செட்காரர். "வண்டி அங்க வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்குவேன்."

அடுத்த ஞாயிறு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனார். கம்பம் அங்கேயேதான் நின்றது. ஒரு ஆளைக் கொன்ற கம்பத்துக்குப் புதுசாகச் சாயம் அடித்திருந்தார்கள், நகர்த்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் டேப்பை எடுத்து அளந்தார். அளந்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாதவர்.

வீட்டுக்கு வந்து மலையைச் சுத்தியலால் உடைத்தார். அந்த வாரம் முழுக்க அங்கிருந்து எடுத்து வந்த கல்துண்டைப் பார்த்துப் பார்த்துப் பாறையை வார்த்தார். கடைசியாக, பல்செட் கம்பியில் சிக்னல் கம்பம் செய்து, அளந்த இடத்தில் நட்டார். மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் குனிந்து பாறையைத் தொட்டுப் பார்த்தாள். வண்டியைக் கம்பத்துக்கு நேராக நிறுத்தச் சொன்னாள். இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் நுழையவில்லை. நகம்தான் நுழைந்தது.

"இவ்வளவு இடம்தானா?"

"இவ்வளவுதான்."

"அளவுல தப்பு இருக்கும். இன்னொரு தரம் பாருங்க."

"தப்பில்ல. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

"கொஞ்சம் தள்ளி வைங்க."

"தள்ளி வெச்சா அது அந்த இடமே இல்லியே. நீதானே உள்ளபடி வேணும்னே?"

"கேட்டேன். பார்த்துட்டேன். இப்பத் தள்ளி வைங்க."

அவர் கை எழவில்லை. ஆயுசு முழுக்க அளவு பிசகாமல் வேலை பார்த்த கை அது. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே கட்டைவிரலால் அந்தக் கம்பத்தை வெளிப்பக்கமாக அழுத்திச் சாய்த்தாள். இடைவெளியில் மறுபடி விரலை விட்டாள். இந்த முறை தாராளமாகப் போனது.

"இப்ப ஓட்டுங்க."

ஓட்டினார். வண்டி சாய்ந்த கம்பத்தைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே ஊர்ந்து, வீட்டு ஸ்டேஷனில் வந்து நின்றது. இரண்டு பேரும் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.