புழுவை வாயில் வாங்கியவர்

பேய், காத்துக் கருப்பு என்று பஸ்ஸில் யாராவது பேச்சை எடுத்தால், "அதையெல்லாம் வீட்ல போயி பேசுங்கய்யா, இப்ப டிக்கெட்ட எடுங்க" என்று வாயை அடைக்கிற ஆள் நான். திருமங்கலம் ரோட்டில் எத்தனையோ வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன், பெட்ரோலில் ஓடிய காலத்திலும் பார்த்தேன், இப்போது உலகச் சண்டை வந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும்போதும் பார்க்கிறேன், புளிய மரத்தடியில் அதைக் கண்டேன் பாலத்தடியில் இதைக் கண்டேன் என்று அளக்காத பிரயாணியே கிடையாது, ஒருத்தர் சொன்னதையும் நான் நம்பியதில்லை. இன்றைக்கும் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு நடந்ததை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், கதையை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வெற்றிலை எச்சில் என்றால் ஆகவே ஆகாது. ஜன்னல் ஓரத்தில் உட்காருகிற மகராசன்கள் சோழவந்தான் வெற்றிலையை வாய் நிறைய அதக்கிக்கொண்டு, வண்டி ஓடும்போதே தலையை நீட்டித் துப்புவார்கள், அது காற்றோடு வந்து பின்படியில் நிற்கிற என் மேல் அடிக்கும். சட்டையில் பட்டிருக்கிறது, கழுத்தில் பட்டிருக்கிறது, ஒரு தடவை உதட்டிலேயே பட்டுவிட்டது, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு வெற்றிலை போட்டவன் கிட்டத்தில் நின்று பேசினாலே குமட்டும். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டினால் தொட்டுக் கும்பிட்டு வைத்துவிடுவேனே தவிர, ஒரு பாக்குத் துண்டைக்கூட நான் வாயில் போட்டவன் இல்லை.

எனக்கு இருந்த ஒரே பைத்தியம் தூண்டில். லீவு கிடைத்தால் போதும், மூங்கில் கம்பையும் ஒரு சிரட்டை நிறைய மண்புழுவையும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கண்மாய்க்குப் போய்விடுவேன். என் மகள் பேச்சிக்கு அப்போது எட்டு வயசு இருக்கும், அவளும் கூடவே வருவாள். புழுவைக் கோர்க்கவும், மிதக்கிற தக்கை முங்குகிற நேரம் பார்த்துச் சுண்டவும் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். கெளுத்தியின் முள்ளில் குத்துப்படாமல் பிடிக்க எனக்கே வராது, அவளுக்கு வரும். "பொட்டப்புள்ளைக்கு நல்ல பழக்கத்தத்தான் பழக்கிவிடுறீக" என்று என் சம்சாரம் மூக்கம்மா திட்டுவாள், நாங்கள் இரண்டு பேரும் காதில் வாங்க மாட்டோம். ஊர்க் கதை பேச எனக்கு வேறு கூட்டாளியே தேவைப்படவில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் முடியும்போது பேச்சிக்கு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சாப்பாடு போகவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனாலே ஓங்கரிப்பாள், பாலைக் கொடுத்தால் வாந்தி, ரொட்டியைக் கொடுத்தால் நாற்றம் அடிக்கிறது என்பாள். கை கால் எல்லாம் குச்சியாகிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வயித்துக்குள்ள ஏதாச்சும் போகணும்யா, இப்படியே விட்டா புள்ள தங்காது" என்று சொல்லிவிட்டார். அன்று டூட்டியில் டிக்கெட் கிழித்துக்கொண்டே அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் அவளாகவே, "எப்பா, கம்மாய்க்குப் போவமா? நானாப் பிடிச்சா திம்பேன்" என்றாள். நிற்கவே தெம்பில்லாத பிள்ளையைக் கண்மாய்க்கா என்று மூக்கம்மா சத்தம் போடுவாள் என்று பார்த்தால், அவள் கழுநீர் கொட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து தானே புழுத் தோண்டிக் கொடுத்தாள். அதுவரை புழுவைக் கண்டால் முகத்தைச் சுளித்தவள்.

காலை வண்டியில் போய் இறங்கி, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைவிட்டு உள்ளே நடந்தேன். எந்தக் கண்மாய் என்று சொல்ல வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அதில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். தண்ணீருக்குள் கருவேல மரங்கள் நிற்கும், அதில் ஒன்றின் நிழலில் துண்டை விரித்து அவளை உட்காரவைத்து, தூண்டிலைக் கையில் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புழுவைக் கோர்த்ததும் அதன் மேல் லேசாக எச்சில் துப்பித்தான் தண்ணீரில் போடுவோம், துப்பாமல் போட்டால் மீன் திரும்பியும் பார்க்காது என்பார்கள். ஒருவனுக்கு மீன் படாவிட்டால், பக்கத்தில் நன்றாகப் படுகிறவரிடம் புழுவை நீட்டி "துப்பிக் குடுங்கண்ணே" என்று கேட்பான், அவரும் துப்பிக் கொடுப்பார். வாய் ராசி என்று சொல்வோம். அவராகவே முன்வந்து கேட்டால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அது அவரை மட்டுமில்லை, தண்ணீரையே அவமதித்த மாதிரி. வெற்றிலை எச்சிலுக்குக் குமட்டுகிற நான் இந்த வழக்கத்தை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டேன் என்று மூக்கம்மா கேட்பாள்.

பேச்சி துப்பப் பார்த்தாள். வாயில் எச்சிலே ஊறவில்லை. காய்ச்சல் அடித்த வாய், நாக்கு வறண்டு வெடித்திருந்தது. நான் துப்பிக் கொடுத்தேன், தக்கை அசையவில்லை. இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தோம், புழு மாற்றிப் பார்த்தோம். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அவள் முகம் போகிற போக்கைப் பார்த்து, ஒரே ஒரு கெண்டைக் குஞ்சு விழுந்தால் போதும் என்று சாமியை எல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், சாமியைக் கூப்பிடும் பழக்கம் இல்லாதவன்.

"எங்கிட்டக் குடு தாயி."

பக்கத்து மரத்தடியில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. வயசானவர் என்றும் சொல்ல முடியாது, வாலிபன் என்றும் சொல்ல முடியாது. இரண்டு கன்னமும் உப்பி நிற்க வெற்றிலையை அதக்கியிருந்தார், கடைவாயிலிருந்து சிவப்பாக ஒழுகி, மோவாயில் வழிந்து, நெஞ்சு மயிரில் ஒட்டிக் காய்ந்து கிடந்தது, அதன் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். ஆனால் பிள்ளை ஆசையோடு தூண்டிலை நீட்டிவிட்டாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்பினால் நம்புங்கள், அந்த ஆள் துப்பவில்லை. குனிந்து, புழுவைத் தூண்டில் முள்ளோடு சேர்த்து வாய்க்குள் வாங்கிக்கொண்டார். உதட்டை மூடி, மிட்டாயைச் சப்புகிற மாதிரி அதை உள்ளே புரட்டினார். அப்புறம் நூலைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தார். புழு சிவப்பாக வந்தது, நெளிந்துகொண்டுதான் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தக்கை விழுந்த மறு கணம் முங்கியது. நல்ல கெண்டை. அடுத்தடுத்துச் சின்னக் கெண்டைகள், அப்புறம் கெளுத்தி, அப்புறம் என் முழங்கை நீளத்துக்குக் குரவை. ஒவ்வொரு தடவையும் பேச்சி தூண்டிலை அவரிடம் நீட்டுவாள், அவர் வாயில் வாங்கிப் புரட்டிக் கொடுப்பார். பிள்ளை சிரித்தாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்காக அருவருப்பை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

காய்ந்த கருவேல முள்ளைக் கூட்டித் தீ மூட்டி, சின்னக் கெண்டைகளை அப்படியே முழுசாகச் சுட்டுக் கொடுத்தேன். சின்ன மீனை யாரும் வயிறு கீறுவதில்லை. அவள் ஊதி ஊதித் தின்றாள். தலையைத் தின்றாள், வயிற்றைத் தின்றாள், விரலை நக்கிவிட்டு, "இன்னும் இருக்காப்பா?" என்றாள். இன்னொன்றைச் சுட்டுக் கொடுத்தேன். அந்த ஆளின் காலில் விழலாம் போல இருந்தது. "அண்ணே, நீங்களும் ஒரு மீனு சாப்பிடுங்க" என்று நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மென்றுகொண்டே இருந்தார். அவ்வளவு நேரத்தில் அவர் ஒரு தடவைகூடத் துப்பி நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெரிய மீன்கள் வெயிலில் கெட்டுப்போகுமே என்று, ஒரு கல்லில் வைத்துக் குரவையின் வயிற்றைக் கீறினேன். உள்ளே குடலோடு சேர்ந்து ஒரு உருண்டை வந்தது. மென்ற வெற்றிலை. பாக்குத் துகள், காம்பு நரம்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது, சுண்ணாம்பு வாடை குப்பென்று அடித்தது. மீனின் உடம்பு சில்லென்று இருந்தது, அந்த உருண்டை மட்டும் சூடாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் வாயிலிருந்து எடுத்த மாதிரி. கெளுத்தியைக் கீறினேன், அதிலும். பெரிய கெண்டையிலும். என் கை முழுக்கச் சிவப்பு எச்சில் கோழை மாதிரி நூல்நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது, மண்ணில் தேய்த்தேன், போகவில்லை, அங்கேயே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

பிறகுதான் மண்டையில் அடித்தது, பிள்ளை தின்றதெல்லாம் வயிறு கீறாத மீன். ஓடிப் போய் அவள் வாய்க்குள் விரலை விட்டு, "கக்குடி, கக்கிரு ஆத்தா" என்று கத்தினேன். அவள் பல்லை இறுக்கிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு, மிச்சத்தையும் விழுங்கிவிட்டாள்.

திரும்பினால் அந்த ஆள் இல்லை. கரைமேல் ஒரு அம்மா புல்லுக்கட்டைத் தலையில் ஏற்ற ஆள் பார்த்துக்கொண்டு நின்றது. "ஆத்தா, இங்கன இருந்த வெத்தலக்காரரு எங்கிட்டுப் போனாரு?" என்று கேட்டேன்.

"எந்த வெத்தலக்காரரு? காலையிலருந்து நான் இங்கனதான புல்லறுக்கேன். நீயும் புள்ளையுந்தான இருந்தீக" என்றது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, "நீதானப்பா புழுவ வாயில போட்டுப் போட்டுக் குடுத்த. எனக்கே ஒமட்டிக்கிட்டு வந்துச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றது.

நான் வாயைத் துடைத்துப் பார்த்தேன், கையில் ஒன்றும் ஒட்டவில்லை. மீன்களை அங்கேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டில் மூக்கம்மா குழம்பு ஊற்றிய சோற்றை ஒரு வாய் வைத்ததும், கன்னத்துக்குள்ளே தீயாய் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால், சுண்ணாம்பு அதிகமாகப் போட்டுக்கொண்டவனுக்கு வேகுமே, அந்த மாதிரி உட்தோல் வெந்து வெள்ளையாக உரிந்து கிடந்தது. பல நாள் உப்பும் காரமும் தொட முடியவில்லை. பிரயாணி எவனோ சுடச்சுடக் காப்பி கொடுத்துவிட்டான் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

பேச்சி அன்று இரவே ரசம் ஊற்றி இரண்டு வட்டில் சோறு தின்றாள். மறுநாளும் தின்றாள். டாக்டர் தட்டிக் கொடுத்து, "என்னய்யா மருந்து குடுத்த?" என்று கேட்டார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த மீன் வயிற்றுக்குள் போகாமல் இருந்திருந்தால் என் பிள்ளை இல்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, தூண்டிலை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. அவளாக வந்து கூப்பிட்டாள், பல தடவை கூப்பிட்டாள், வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன், அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். எங்களுக்குள் இருந்த பேச்சும் அத்தோடு குறைந்துவிட்டது.

இப்போது அவளை வில்லாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். நல்ல மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், உடம்பில் சதை போட்டு வாட்டசாட்டமாக இருக்கிறாள். நான் போனால் கெண்டை வாங்கிக் குழம்பு வைப்பாள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். போன தடவை கண் கலங்கிவிட்டாள். "ஏப்பா, எங்கையால மட்டும் ஒரு வாய் திங்க மாட்டேங்கிறீக? நான் என்ன செஞ்சேன்?" என்றாள். பெற்ற மகள் கையால் வாங்கித் தின்ன எனக்குக் குமட்டுகிறது என்று எந்த வாயால் சொல்ல. நான் அவளை உயிராக நினைக்கிறேன், ஆனால் அவள் பிசைந்து நீட்டினால் எனக்கு அந்தச் சிவப்புப் புழுதான் தெரிகிறது.

அவளும் வெற்றிலை போடுகிறவள் இல்லை, அவர்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டியே கிடையாது, விசாரித்துவிட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்க்கிறேன், அவள் தாடை மெதுவாக அசைந்துகொண்டே இருக்கிறது. என்ன மெல்லுகிறாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வரும், கேட்க மாட்டேன். அப்பன் கேட்டால் எதையும் மறைக்கத் தெரியாதவள், உடனே வாயைத் திறந்து காட்டிவிடுவாள்.