கிளி சொல்லாத வாக்கியம்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் கிளி. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து நாளெல்லாம் பேசுகிறவளை வேறு எப்படித்தான் அழைப்பார்கள்? அவள் குரலைப் பற்றி அங்கே இல்லாத கதை இல்லை. ஓட்டுநர்கள் தூக்கத்திலேயே எழுந்து, அவள் சொன்ன நடைமேடையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் கண் விழிப்பார்களாம். ஒருமுறை அவள் தும்மியதைக் கேட்டு ஒரு கல்யாணக் கோஷ்டியே மாப்பிள்ளையோடு இறங்கி வேறு வண்டியில் ஏறிவிட்டதாம். அந்த மாப்பிள்ளை போன இடத்திலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான் என்பது உபரிச் செய்தி.

கூண்டு சின்னது. ஒரு நாற்காலி, ஒரு மைக், முனகுகிற மின்விசிறி, திறக்கவே முடியாத கண்ணாடி. பக்கத்தில் விசாரணை ஜன்னல். அங்கே இருப்பவள் முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண். கிளியை அக்கா என்பாள். இருவருக்கும் நடுவே பலகைச் சுவரில் கதவு போட்ட ஒரு சிறு திறப்பு. தேநீரும் ஊர்வம்பும் அதன் வழியாகத்தான் போய்வரும்.

பேசுவதில் பாதி கிளி, பாதி இயந்திரம். பல வருடங்களுக்கு முன் அவளை ஓர் அறையில் உட்காரவைத்து, அறிவிப்புகளையெல்லாம் படிக்கச் சொல்லி, அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி இயந்திரத்துக்குள் போட்டிருந்தார்கள். வேண்டிய துண்டுகளைக் கோத்து அது அவள் குரலிலேயே பேசும். அவள் மைக்கைத் திறந்தால் இயந்திரம் வாயை மூடிக்கொள்ளும். மைக்கை மூடினால் உடனே இயந்திரம் ஆரம்பித்துவிடும்.

அந்த நிலையத்தில்தான் குண்டு வெடித்தது. இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கொல்கிற கும்பல் ஒன்று, நான்காம் நடைமேடையில் ஒரு பையை வைத்துவிட்டுப் போயிருந்தது. செய்தித்தாள் விற்கிறவர் செத்தார். பள்ளிக்கூடம் போகவிருந்த அக்காள் தங்கை இருவரும் செத்தார்கள். கிளியின் அண்ணனுக்கு இடது கை போயிற்று. தங்கைக்குச் சாப்பாடு கொண்டுவந்த கை அது.

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அதன் பிறகு அந்த வீட்டில் சோறு வேகிறதோ இல்லையோ, வாக்குவாதம் வேகும்.

"பைக்குக் காலு முளைச்சா வந்துச்சு, மாப்பிள்ளை? ஒரு ஆளு தூக்கிட்டு வந்தான். பையப் பாருங்கன்னு சொல்றீங்க. ஆளப் பாருங்கன்னா மட்டும் உங்களுக்கு நாக்கு கூசுது."

"ஆளப் பாருங்க மச்சான், யாரு வேண்டாம்னா? அவன் என்ன செய்றான்னு பாருங்க. தாடியையும் முக்காட்டையும் பாத்து என்ன ஆவப்போவுது? அந்தக் கும்பலப் பத்தித் துப்புக் கொடுத்ததே பள்ளிவாசல்ல இருக்கிற ஒருத்தர்தான். நாளைக்கு அவரையே சந்தேகப்பட்டா, அப்புறம் எவன் வாயத் திறப்பான்?"

"அவரு வாயத் திறந்தது என் கை போனப்புறம்."

அதோடும் அண்ணன் விடவில்லை. "நீங்க கமா போட்டே குண்டை நிறுத்திடுவீங்க, மாப்பிள்ளை."

"முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவங்களுக்கு அதாவது வேணுமே, மச்சான்."

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்புவார்கள். நீ யார் பக்கம்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் ஓய்வு உண்டு. அண்ணன் தூக்கத்தில் இல்லாத விரல்களைச் சொறிய முயல்வதை அவள் பார்த்திருக்கிறாள். பலகைத் திறப்பு வழியே சின்னப் பெண் தேநீர் நீட்டும்போது, யாரோ முறைக்கிறார்கள் என்று முக்காட்டை இழுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் பார்த்தவள் எந்தப் பக்கம் போவாள்?

பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அண்ணன்தான் தலைவர். நிலைய மேலாளரிடம் போய், கேட்பாரற்ற பைகளைப் பற்றி ஏற்கெனவே வருகிற அறிவிப்பு போதாது, ஆட்களைக் கவனிக்கச் சொல்லியும் ஓர் அறிவிப்பு வேண்டும் என்றார்கள். மேலாளர் ஒரு வாக்கியத்தை எழுதிக் கிளியிடம் நீட்டினார்: ஒருவரின் தோற்றத்தில் சந்தேகம் இருந்தால் உடனே காவலரிடம் தெரிவிக்கவும்.

"இத நான் படிக்கமாட்டேன் சார். பையப் பத்தி எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். இது வேண்டாம்."

மேலாளர் வற்புறுத்தவில்லை. அவர் சிரித்த மாதிரிகூட இருந்தது. ஏன் சிரித்தார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கிளி பூட்டைத் திறந்து கூண்டுக்குள் நுழையும்போதே, நிலையம் முழுக்க அவள் குரல் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

'ஒருவரின் பயணச்சீட்டை மற்றவர் பயன்படுத்தக் கூடாது' என்பதிலிருந்து முதல் சொல். 'புதிய தோற்றத்தில் உங்கள் நிலையம்' என்று வெள்ளையடித்த காலத்தில் படித்ததிலிருந்து அடுத்தது. 'சந்தேகம் இருந்தால் விசாரணை ஜன்னலை அணுகவும்' என்பதிலிருந்து, ஐயோ, மூன்றாவது. வால் மட்டும் பை அறிவிப்பினுடையது. வீட்டுக்காரியின் பாத்திரத்திலேயே திருடன் சமைத்து அவளுக்கே பரிமாறின கதைதான்.

"அது என் குரலு சார்."

"நிலையத்தோட குரலும்மா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

பலகைத் திறப்பு அன்று திறக்கவில்லை.

சாயங்காலம் சின்னப் பெண்ணின் அப்பா வந்தார். தினமும் வருகிறவர். வெள்ளைத் தாடி, நீளக் குடை, மடியில் ஒரு துணிப்பை. மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக எப்போதும் போல் நான்காம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். இயந்திரம் வாக்கியத்தைச் சொல்லி முடித்தது. இரண்டு பேர் அவரைப் பார்த்தார்கள். அப்புறம் பத்துப் பேர். காவலர் வந்து பையைக் கொட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியும் மகளின் மழைச்சட்டையும் விழுந்தன. குடையையும் பிரிக்கச் சொன்னார்கள். பெரியவர் பிரித்துக் காட்டிவிட்டு, கூரைக்குக் கீழே குடை பிடித்தபடி அப்படியே நின்றார். மடக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

பலகைத் திறப்பு திறந்தது. "அக்கா, அது எங்கப்பா. உங்க குரலக் கேட்டுத்தான் அக்கா..."

கிளி மைக்கைத் திறந்தாள்.

"நான்காம் நடைமேடைப் பயணிகள் கவனத்துக்கு. குடையோட நிக்கிற பெரியவர் நம்ம விசாரணை ஜன்னல் பொண்ணோட அப்பா. தினமும் வர்றவர். ஐயா, குடைய மடக்கிட்டு உட்காருங்க."

கூட்டம் கலைந்தது. மைக்கை மூடப்போன விரல் அப்படியே நின்றது. மூடினால் அடுத்த நொடி இயந்திரம் அதையே சொல்லும். மூடாவிட்டால் பை அறிவிப்பும் வராது. கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பைதான் அண்ணனின் கையைத் தின்றது. ஆகவே பை அறிவிப்பை அவளே சொன்னாள். அடுத்த வண்டியைச் சொன்னாள். மறுபடி பை. எழுந்து தண்ணீர் குடிக்க வழியில்லை. நாற்காலியின் கிறீச்சும் பெருமூச்சும் ஊருக்கே கேட்டன. கண்ணாடிக்கு வெளியே ஒரு தாடிக்காரச் சீப்பு வியாபாரி வந்து நின்றார். "அம்மா, என்னையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன், நான் இங்க சீப்பு விக்கிறவன்னு." அவரைப் பற்றியும் சொன்னாள். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. தாடியே முளைக்காத ஒருவன்கூட நின்றான். அவனுக்குச் சும்மா தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால் போதுமாம்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணன் கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னடி பண்ற? மைக்கை மூடு."

"மூடமாட்டேன் அண்ணா."

"எல்லாரையும் நல்லவன்னு சொல்லிட்டிருக்க. நாளைக்கு நிஜமாவே ஒருத்தன் வந்து நிப்பான். சிரிச்சுக்கிட்டே நிப்பான். அவனுக்கும் நீ நல்ல பேரு கொடுப்பியா?"

"தெரியல அண்ணா. ஆனா அந்தப் பெரியவர் அவன் இல்ல. அது எனக்குத் தெரியும்."

"எனக்கு யாரு எவன்னே தெரியலடி. பஸ்ல ஏறினா ஒவ்வொரு மூஞ்சியா பாக்குறேன். எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் இருக்கு. பயமா இருக்குடி எனக்கு!"

அவர் சொன்ன 'பயமா இருக்குடி' நான்காம் நடைமேடையில் மோதி அவரிடமே திரும்பி வந்தது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. வெளியே ஒரு வண்டியும் நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கண்ணாடி வழியே அவரையே பார்த்தார்கள். பெரியவர் மடக்கிய குடையோடு எழுந்து நின்றிருந்தார்.

அண்ணனின் கை மைக்கின் விசைக்குப் போயிற்று. அழுத்தினால் தன் மானம் காப்பாற்றப்படும். தான் கேட்டு வாங்கிய வாக்கியமும் ஒலிக்கும். கிளி தடுக்கவில்லை. இடமே இல்லாத கூண்டில் எங்கே நகர்ந்து தடுப்பது?

விரல் விசைமேலேயே இருந்தது. அப்புறம் அவர் குனிந்து, கரகரத்த குரலில், "கேட்பாரற்றுக் கிடக்கும் பை எதையேனும் கண்டால் தொடாதீர்கள். உடனே காவலரிடம் தெரிவிக்கவும்" என்றார். விசையிலிருந்து கையை எடுத்துத் தங்கையின் காதருகே குனிந்தார்.

"அந்த வாக்கியம் வேணும்னு நாளைக்கும் கேட்பேன். நான் ஒண்ணும் மாறல."

"தெரியும்."

"போ, தண்ணி குடிச்சிட்டு வா. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

அவள் எழ, அவர் உட்கார்ந்தார். வெளியே வரிசை இன்னும் நீண்டிருந்தது. சீட்டு வாங்க வந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமல் அதில் சேர்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியிலிருந்து கிளி திரும்பிப் பார்த்தாள். ஒற்றைக் கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு, கூண்டுக்குள்ளிருந்து அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் திறந்தே இருந்தது; பயந்த கண்ணுக்கு எந்த முகம் எப்படித் தெரியுமோ, என்ன சொல்லிவிடுவாரோ? அவள் தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.