காந்தத்தோடு போன நான்

போன வருடம் குளிர்காலம். ஆக்லாந்தில் மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டு டிவியில் எண்பதுகளில் வந்த ஓர் ஆங்கிலப் படம் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கேட்போர்டில் ஏறி ரவுடிகளிடமிருந்து தப்பிக்கிற கதை. படிக்கட்டு, மதில், கார் எல்லாவற்றையும் பலகையோடு தாண்டுகிறார்கள். நான் சோபா நுனிக்கே வந்துவிட்டேன். காலைக் கட்ட வார் இல்லை, கயிறு இல்லை. பிறகு பலகை எப்படிக் காலோடு எழும்புகிறது?

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இதே ஊரில் விரி என்ற பகுதியில் எனக்குச் சொந்தமாக ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ஷூவுல காந்தம் வெச்சிருக்கான்" என்றேன்.

"இல்லேன்னா?" என்றாள் மனைவி. "எனக்குத் தெரியாதுன்னு வாயைத் திறந்து சொல்லணும். நாப்பது வருஷமா அதை ஒரு தடவை கேட்கணும்னு இருக்கேன்."

மறுநாள் வெயில். பட்டறைக் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஹென்டர்சன் பக்கம் ஸ்கேட்போர்டு விடுகிற திடலுக்குப் போனேன். மனைவி சாட்சிக்கு வந்தாள். அங்கே ஹெல்மெட் போட்ட ஓர் அம்மா, வயது ஐம்பது இருக்கும், பலகையோடு எகிறிக் குதித்தார். அவர் நின்றதும் நான் குனிந்து அவர் காலடியில் காந்தத்தை நீட்டிவிட்டேன்.

"ஐயா, என்ர சப்பாத்துக்குள்ள என்ன தேடுறியள்?"

யாழ்ப்பாணத் தமிழ்! விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், சப்பாத்தையே கழற்றிக் கொடுத்தார். காந்தம் அதில் ஒட்டவில்லை. பலகையிலும் ஒட்டவில்லை, அது மேலே உப்புத்தாள் ஒட்டிய வெறும் மரம். அடியில் சக்கர அச்சில் மட்டும் டக்கென்று பிடித்தது.

"இஞ்ச பாருங்கோ. பின்காலால பலகையின்ர வாலை நிலத்தில அடிக்கிறன். முன்பக்கம் எழும்பேக்க மற்றக் காலால உரசி மேல இழுக்கிறன். விளங்கிச்சோ?"

'ஆமா' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் மனைவி தொண்டையைச் செருமினாள்.

"எனக்குத் தெரியலம்மா. இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க."

மனைவி சிரிக்கப்போகிறாள் என்று திரும்பினேன். சிரிக்கவில்லை. "எனக்கும் புரியலை" என்று பக்கத்தில் வந்து நின்றாள்.

அன்று பத்துத் தடவையாவது குதிக்கச் சொல்லிப் பார்த்தோம். எத்தனையோ இயந்திரங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவன் நான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்பதை அந்த மரத்துண்டுதான் எனக்குக் காட்டியது.